வணிக மின்னஞ்சலும் அதன் அமைப்பு முறையும்

வணிகக் கடிதம் எழுதும் முறையை நாம் வகுப்பில் பயில்கிறோம். நிறுவனத்தின் பெயர், நாள், பார்வை எண், இறுதியில் ஒப்பம் என ஒவ்வொன்றிற்கும் ஓர் இடம் உண்டு. இன்று அக்கடிதங்களிற் பெரும்பாலானவை மின்னஞ்சலாகவே செல்கின்றன. ஆனால், அங்கே தலைப்பும் ஒப்பமும் எதனையும் மெய்ப்பிப்பதில்லை என்பதைப் பலர் உணர்வதில்லை.

இக்குறை அதன் பிறப்பிலேயே உள்ளது. 1982 ஆம் ஆண்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறையே, சில திருத்தங்களுடன், இன்றும் மடல்களைச் சுமந்து செல்கிறது. அனுப்புநர் முகவரி மெய்யா என்று அது கேட்பதில்லை. தபால் உறையின்மீது அனுப்புநராக யார் பெயரையும் யாரும் எழுதலாம். தபால்காரர் வினவுவதில்லை அல்லவா? அதுபோலத்தான்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் நிறுவனம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். சரக்கு கப்பலேறிவிட்டது. வெளிநாட்டு வணிகருக்கு அந்நிறுவனத்தின் பெயரிலேயே ஒரு மடல் போகிறது. 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது. தொகையைப் புதிய கணக்கில் செலுத்துக.' எழுதியவன் யாரோ ஒரு கள்வன். சரக்கும் போய், பணமும் போய், பல்லாண்டு உறவும் முறிந்துபோகும்.

இதனைத் தடுக்க முதலில் வேண்டுவது சொந்தத் தளப்பெயர். இலவச முகவரியைக் கொண்டே இலட்சக்கணக்கில் வணிகம் செய்வோர் நம்மிடையே ஏராளம்! தளப்பெயர் நம்முடையதானால், டி.என்.எஸ். எனப்படும் பொதுப் பெயரேட்டில் நாம் சில குறிப்புகளைப் பதியலாம். எந்தெந்தச் சர்வர்கள் நம் பெயரில் மடல் அனுப்பலாம் என்பதை எஸ்.பி.எஃப். குறிப்பு அறிவிக்கும். டி.கிம். முறையில் ஒவ்வொரு மடலிலும் மறைகுறி ஒப்பம் இடப்படும். அதனைச் சரிபார்க்கும் திறவுகோல் பெயரேட்டில் இருக்கும்.

இவ்விரண்டு மட்டும் போதா. இவை சோதிக்கும் பெயர் வேறாகவும், படிப்பவர் கண்ணிற்படும் அனுப்புநர் பெயர் வேறாகவும் இருக்கக்கூடும். இந்த இடைவெளியை அடைப்பதே 2012 இல் வெளியிடப்பட்ட டி.மார்க் ஆகும். இரண்டில் ஒன்றேனும் கண்ணிற்படும் தளப்பெயரோடு பொருந்த வேண்டும் என்பது அதன் விதி. பொருந்தாத மடலை என்ன செய்வது என்பதையும் நாமே கூறலாம்: சும்மா விடுக, ஒதுக்கி வைக்க, மறுத்துவிடுக. பலர் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றனர். காவற்காரரை நியமித்து, வருவோர் பெயரை மட்டும் எழுதச் சொல்வது போன்றது அது. எனினும், எடுத்த எடுப்பில் 'மறுத்துவிடுக' என்பதும் ஆபத்தே. பில் அனுப்பும் மென்பொருள் வேறொரு சர்வரைப் பயன்படுத்தினால் நம் பில்லே திரும்பிவிடும். சில வாரங்கள் அறிக்கைகளைப் பார்த்த பின்னரே படியேற வேண்டும். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்குமேல் அனுப்புவோர்க்கு இம்மூன்றையும் கூகுள் கட்டாயமாக்கியது.

ஓரெழுத்தை மாற்றி நம் பெயர்போலவே தோன்றும் தளப்பெயரை ஒருவன் வாங்கினால், இவை எவையும் தடுக்கா. வங்கிக் கணக்கு மாற்றம் என்று மடல் வந்தால், முன்பே அறிந்த எண்ணில் தொலைபேசியிற் கேட்டறிவதே வழி.

கடவுச்சொல்லே களவுபோனால் மடல் மெய்யான பெட்டியிலிருந்தே புறப்படும். எனவே இரட்டைச் சரிபார்ப்பு இன்றியமையாதது. திருடியவன் பெரும்பாலும், வரும் மடல்களின் நகல் தனக்கும் வருமாறு ஓர் அமைப்பைச் செய்து வைத்துவிடுவான். கடவுச்சொல்லை மாற்றினாலும் அது நீங்காது. அமைப்புகளிற் சென்று தேடி நீக்க வேண்டும்.