விலக விரும்புவோருக்கு வழி விடுவோம்



விருத்தாசலத்தில் பீங்கான் வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், அஸ்ர் தொழுகைக்குப் பின் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "முதல் மாதம் இலவசம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து, பேரன் ஒரு செயலியில் சந்தா சேர்த்திருந்தான். சில நாட்களில் சலித்துப்போய்ச் செயலியையும் நீக்கிவிட்டான். ஆயினும் மாதந்தோறும் 199 ரூபாய் பெரியவரின் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. "ஹஜ்ரத்! சேர ஒரு விரல் போதுமாயிருந்தது; விலக வாசலே தெரியவில்லையே!" என்றார்.

சிந்தித்துப் பாருங்கள். வியாபாரம் இரு தரப்பின் மனப்பொருத்தத்துடன் நடக்க வேண்டும் என்பது திருக்குர்ஆனின் (4:29) கட்டளை. சூளையில் வைக்காத பச்சை மண்ணை மீண்டும் பிசைந்துவிடலாம். வெந்த பிறகு முடியாது. பயன்படுத்திவிட்ட மாதத்தின் கட்டணம் வெந்த மண். அதைக் கொடுத்தே ஆக வேண்டும். வரப்போகும் மாதமோ பச்சை மண். விலகும் வழியை ஒளித்து வைத்துவிட்டு, வாடிக்கையாளரின் மௌனத்தைச் சம்மதம் என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

முடிந்துபோன வியாபாரத்தைக்கூட, மறு தரப்பினர் வருந்தும்போது இசைந்து ரத்துச் செய்வதற்கு ஃபிக்ஹில் 'இகாலா' என்று பெயர். அவ்வாறு விட்டுக்கொடுப்பவரின் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது.

நாட்டின் சட்டமும் இதில் நமக்குத் துணை நிற்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணைய வணிகத்தில் 13 வகை ஏமாற்று உத்திகளைத் தடை செய்கின்றன. அவற்றுள் ஒன்று 'சந்தாப் பொறி'. ரத்துச் செய்யும் வழியை மறைப்பதும், அதைச் சிக்கலாக்குவதும், இலவசச் சந்தாவுக்கே பணம் செலுத்தும் விவரங்களைக் கட்டாயமாகக் கேட்பதும் இதில் அடங்கும். அதற்கு முன்பே, 2021 அக்டோபர் முதல், கார்டு வழியாகத் தானாகக் கழியும் சந்தாவுக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் அனுப்ப வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வேண்டாம் என்று மறுக்கும் வசதியும் வாடிக்கையாளருக்கு உண்டு.

ஆகவே, குடும்பத்தார் கவனத்திற்குச் சில செய்திகள்: செயலியை நீக்கினால் மட்டும் சந்தா நின்றுவிடாது. யுபிஐ செயலியில் 'ஆட்டோபே' பகுதியைத் திறந்து, தேவையற்ற அனுமதிகளை ரத்துச் செய்யுங்கள். கார்டு வழியாகக் கழிந்தால் வங்கியிடம் கூறுங்கள். நிறுவனத்திற்கும் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். வீட்டுப் பெரியவர்களின் கைப்பேசியை மாதம் ஒருமுறை பிள்ளைகள் பார்த்துக்கொடுப்பதும் ஒரு கித்மத்தே.

வியாபாரம் செய்யும் சகோதரர்களே! டியூஷன் வகுப்பானாலும், மாதச் சந்தாவில் நடக்கும் வேறு எந்தத் தொழிலானாலும், நம்மிடம் சேர்ந்தவர் விலக நினைத்தால் அவரை அலைக்கழிக்காதீர்கள். சேர்ந்த நாளில் காட்டிய அதே முகத்தை விலகும் நாளிலும் காட்டுங்கள். அந்த 199 ரூபாய் நமக்குச் சிறிது. முதியவர் ஒருவருக்கு அது மாத்திரை வாங்கும் பணம்.

பிறர் பொருளை அவர் மனமின்றி உண்பதிலிருந்து வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.