வங்கத்து மணமுடியும் மாலாகாரர் உழைப்பும்

வங்காள இந்துத் திருமணத்தில் மணமகன் 'தொபோர்' எனும் கூம்பு வடிவ வெண்முடியையும், மணமகள் 'முகுட்' எனும் முடியையும் அணிவர். இவை பற்றி எழுதுவோர் அவற்றின் வெண்மையையும் மங்கலக் குறியீட்டையுமே பெரிதும் விதந்து கூறுவர். செய்த கைகளைப் பற்றிய பேச்சு அரிது. கலையை அதன் உற்பத்தியிலிருந்து பிரித்து நோக்கும் இப்போக்கு இலக்கிய ஆய்வாளராகிய எமக்கும் புதியதன்று. எனவே செய்முறையிலிருந்தே தொடங்குவோம்.

முடியின் மூலப்பொருள் 'ஷோலா'. நாம் நெட்டி என வழங்குவது. நீர் தேங்கிய வயல்களிலும் சதுப்புகளிலும் வளரும் ஈஸ்கினோமினி அஸ்பெரா என்னும் செடியின் தண்டு அது. இதனைத் தண்டின் உட்சோறு எனப் பொதுவாகக் கூறுவராயினும், தாவரவியலின்படி இது மரமே. மெல்லிய சுவர்க் கலங்களாலான துணைக் காழ். மரங்களுள் மிக இலேசானவற்றுள் ஒன்று.

நீரிலிறங்கி அறுத்த தண்டுகளை வெயிலில் உலர்த்திக் கட்டுக்கட்டாக விற்பர். மாலாகாரர் அவற்றைத் துண்டுகளாக்கிக் கபிலநிறத் தோலைச் சீவி நீக்குவர். பின்னர் நீண்ட கூரிய கத்தியின் அலகில் தண்டினைப் பொருத்தி மெல்ல உருட்ட, கடதாசி போன்ற ஏடு முறியாது சுருண்டு வெளிவரும். தொழிலின் உயிர்நிலை இதுவே. அலகு சற்றே ஆழ்ந்தால் ஏடு தடிக்கும், மேலெழுந்தால் கிழியும். கண் அளக்கவியலாத கனத்தை விரல் அறிதல் வேண்டும். ஏட்டினை மடித்து வெட்டி இதழாக்குதல், மாப்பசையால் ஒட்டுதல், தொங்கல் கட்டுதல் ஆகியவற்றில் வீட்டுப் பெண்களின் பங்கு பெரிது. குடும்ப உழைப்பு என்பதனால் அதற்குத் தனிக்கூலி கணக்கிடப்படுவதில்லை.

மாலாகாரரிடையே ஓர் ஐதிகம் வழங்குகிறது. தமது திருமணத்துக்கு வெண்முடி வேண்டுமெனச் சிவபெருமான் விசுவகர்மாவைக் கேட்டார். கடினப் பொருள்களில் வல்ல அவரால் மென்மையான ஷோலாவைக் கையாள முடியவில்லை. மாலாகாரரே அதனைச் செய்தளித்தார் என்பது கதை. தெய்வத் தச்சனும் தோற்ற இடத்தில் வென்ற தொழிலாளியின் பெருமிதம் இதில் ஒலிப்பதை மறுக்கவியலாது. அதேவேளை, தொழிலை இறையாணையாக்கிச் சாதியோடு பிணிக்கும் கருத்தியலும் இதுவேயாம். பெருமையும் விலங்கும் ஒரே கதைக்குள் அடங்கியுள்ளன. ஐதிகங்களை வெறும் 'மூடநம்பிக்கை' என ஒதுக்கும் எமது நண்பர் சிலர் இதனைக் கவனித்தல் நன்று.

இதே தண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறிதொரு தலையிலும் ஏறியது. பிரித்தானிய அதிகாரிகள் அணிந்த 'சோலா' தொப்பி நெட்டியாலானது. 'சோலா' என்பதைச் சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகப் பலர் மயங்கினர். வங்கச் சதுப்பின் பெயர் அதிலிருந்து மறைந்தது. ஆட்சி போயிற்று, தொப்பியும் வழக்கொழிந்தது, மணமுடி நிலைத்தது.

நிலைத்ததாயினும் எந்நிலையில் என்பதே வினா. சதுப்புகள் நிரவப்பட்டுக் கட்டடங்கள் எழும்போது மூலப்பொருள் அருகுகிறது. இந்தியாவில் தெர்மோகோல் எனவும் இலங்கையில் றெஜிபோம் எனவும் வழங்கும் பொருளாலான முடிகள் சந்தையில் மலிந்துள்ளன. ஷோலா மட்கும், இது மட்காது. முர்ஷிதாபாத்தில் ஷோலாவில் நுண்சிற்பம் செதுக்குவோர் கலைஞர் என விருது பெறுகின்றனர். 2020இல் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மணமுடி செய்வோரோ கூலித் தொழிலாளராகவே கருதப்படுகின்றனர்.

வங்க மரபில் பாத்ரம், பௌஷம், சைத்திரம் ஆகிய மாதங்களில் திருமணம் நிகழ்வதில்லை. முடி விற்காத அம்மாதங்களில் வியாபாரியிடம் முற்பணம் பெற்று உண்ணும் குடும்பத்துக்கு, அடுத்த பருவத்தில் முடியின் விலையைக் கூறும் உரிமை இருப்பதில்லை. அது முற்பணம் கைமாறிய அன்றே தீர்ந்துவிடுகிறது.