கிளச்சுப் பிடி இறுகுவது ஏன்?

பந்தய வண்டியின் சாயலில் அமைந்த ஸ்போர்ட்ஸ் மோட்டார் சைக்கிள்களை ஓட்டுவோர் பலரிடமும் கேட்கக்கூடிய குறை ஒன்று உண்டு. நெடுஞ்சாலையில் இனிதாக ஓடும் அவ்வண்டி, நகரத்து நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்தவுடன் இடக்கையை நோகச் செய்துவிடுகிறது. கைப்பிடிகள் தாழ்வாக இருப்பதால் உடலின் பாரத்தில் ஒரு பகுதியை மணிக்கட்டுகள் தாங்குகின்றன. அதன்மேல் ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளச்சு நெம்புகோலை இழுத்துப் பிடிக்கவும் வேண்டியிருக்கிறது. பட்டறையில் கேட்டால், இவ்வகை வண்டிக்குச் சுருள்வில் வலுவானது, அப்படித்தான் இருக்கும் என்பார்கள். இது பாதி உண்மையே. புதிதில் இலேசாக இருந்த பிடி ஓரிரு ஆண்டுகளில் இறுகிவிட்டதாயின், குற்றம் பெரும்பாலும் சுருள்வில்லினுடையதன்று. எஃகுச் சுருள்வில் நாளடைவில் தளருமேயன்றி வலுப்பெறுவதில்லை.

கிளச்சினுள் உராய்வுத் தகடுகளும் எஃகுத் தகடுகளும் மாறிமாறி அடுக்கப்பட்டுள்ளன. சுருள்விற்கள் அவற்றை ஒன்றோடொன்று அழுத்தி, எஞ்சினின் திருப்புவிசை கியர்ப் பெட்டிக்குச் செல்லுமாறு செய்கின்றன. நாம் நெம்புகோலை இழுக்கும்போது, பட்டறைகளில் ஒயர் என வழங்கும் கம்பிவடம் எஞ்சினின் பக்கத்திலுள்ள சிறு கரத்தைத் திருப்புகிறது, கரம் அழுத்துத் தகட்டை ஒரு மில்லிமீட்டர் அல்லது சற்று அதிகமாக நகர்த்துகிறது, தகடுகள் விடுபடுகின்றன. ஆகவே, கை எதிர்த்துப் போராடுவது இரண்டுடன்: ஒன்று சுருள்வில், மற்றொன்று வழியிலுள்ள உராய்வு.

இந்த இரண்டாவது எதிரியின் வலிமையைப் பலர் உணர்வதில்லை. வளைந்த பரப்பின்மேல் இழுக்கப்படும் கயிற்றின் உராய்வைக் கணக்கிடும் விதி 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கணித மேதை ஆய்லரின் பெயரோடு இணைந்தது. அவ்விதியின்படி, உராய்வு வளைவுக்கு வளைவு கூட்டல் முறையில் வளர்வதில்லை. பெருக்கல் முறையில் வளர்கிறது. எஞ்சின் முனையில் வடத்தை இழுக்க 30 கிலோகிராம் எடைக்குச் சமமான விசை தேவை எனக் கொள்வோம். உறைக்கும் கம்பிக்கும் இடையிலுள்ள உராய்வுக் கெழு 0.2 ஆனால், 90 பாகை வளைவு ஒன்று விசையை ஏறக்குறைய 1.37 மடங்காக்கும். முதல் வளைவுக்குப் பின் 30 என்பது 41 ஆகும்; இரண்டாவது வளைவுக்குப் பின் 56; மூன்றாவதும் இருப்பின் 77. அதே இரண்டு வளைவுகளில் உராய்வுக் கெழு 0.1 ஆகக் குறைந்தால், 56க்குப் பதில் 41 போதும். சுருள்வில்லைத் தொடாமலேயே கையின் சுமையில் கால்பங்குக்கு மேல் குறைந்துவிட்டது!

இதே கணக்கிலிருந்து நோயை அறியும் வழியும் கிடைக்கிறது. நெம்புகோலை விடும்போது உராய்வு எதிர்த் திசையில் வேலை செய்கிறது. எஞ்சின் முனையில் 30 ஆக உள்ள விசை, இரண்டு வளைவுகளைக் கடந்து கைக்கு வரும்போது 16 ஆகத் தேய்கிறது. இழுக்க 56, திரும்ப 16. எனவே உராய்வினால் இறுகிய பிடி, இழுக்கையில் முரண்டும். விடுகையில் சோம்பலாகத் திரும்பும். வலுவான சுருள்வில்லினால் கனத்த பிடியோ விட்டதும் விரைந்து மீளும். கை வலியைவிட முக்கியமானது இது. தகடுகள் பற்றத் தொடங்கும் நுண்ணிய தருணத்தை விரல்கள் உணர்வதாலேயே வண்டி குலுங்காமல் புறப்படுகிறது. உராய்வு மிகுந்த வடம் அவ்வுணர்வை மழுங்கச் செய்துவிடும்.

அடுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டு வடத்தின் கீழ்முனையைக் கரத்திலிருந்து கழற்றி, நெம்புகோலை இழுத்துப் பார்க்க வேண்டும். அப்போதும் இறுக்கம் இருப்பின் குற்றம் வடத்திலோ நெம்புகோலின் அச்சாணியிலோ உள்ளது. இலேசாக நகர்ந்தால் எஞ்சின் பக்கத்துக் கரத்தின் தண்டையும் அதன் தாங்கிகளையும் சோதிக்க வேண்டும். கைப்பிடியை இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்ப்பதும் நன்று. திருப்பும்போது இறுக்கம் மாறினால் வடம் செல்லும் வழியே தவறானது. புறக்கூட்டினால் மூடப்பட்ட ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் வடத்துக்கு இடம் மிகக் குறைவு. பெட்ரோல் தொட்டியைக் கழற்றி மாட்டிய மறுநாள் முதல் பிடி இறுகிய வண்டியொன்றை நான் கண்டதுண்டு. தொட்டியின் விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையே வடம் நசுங்கிக் கிடந்தது. அதற்காகச் சுருள்விற்களை மாற்றும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது!

நம் நாட்டின் மழையும் புழுதியும் வடத்துக்குப் பகை. மேல்முனையிலுள்ள ரப்பர் மூடி கிழிந்துவிட்டால் நீர் நேரே உறைக்குள் இறங்கும். பழைய வகை வடத்தில் மெல்லிய எண்ணெயை மேல்முனை வழியே, கீழ்முனையில் கசியும் வரை செலுத்தலாம். உட்புறம் நைலான் அல்லது டெஃப்லான் பூசிய வடத்தில் கெட்டியான கிரீஸை அடைப்பது தவறு; அது புழுதியைப் பிடித்து வைக்கும். அவற்றுக்கு உற்பத்தியாளர் கையேடு சொல்வதே முறை. நெம்புகோலில் பொருந்தும் நிப்பிள் என்னும் சிறு உலோகக் குண்டுக்கு மட்டும் சிறிது கிரீஸ் இன்றியமையாதது. அது தன் குழியில் சுழலாவிடில், ஒவ்வோர் இழுப்பிலும் கம்பியே மடங்கி நிமிரும். இழைகள் ஒவ்வொன்றாக அறும். ஓர் இழை அறுந்திருந்தாலும் வடத்தை மாற்றிவிட வேண்டும். கியரில் நிற்கும் வண்டியில் வடம் அறுந்தால் கிளச்சு தானே பற்றிக்கொள்ளும். முன்னால் நிற்கும் வாகனத்தின்மேல் வண்டி பாயும்.

சுருக்கு வழிகளைப் பற்றி ஒரு சொல். அழகுக்காகக் குட்டை நெம்புகோல் பூட்டுவோர் உண்டு. அச்சிலிருந்து 12 சென்டிமீட்டரில் இழுத்த விரல்கள் 8 சென்டிமீட்டரில் இழுக்க நேர்ந்தால், ஒன்றரை மடங்கு விசை வேண்டும். எஞ்சின் பக்கத்துக் கரத்தை நீளமாக்கினால் பிடி இலேசாகும் என்பது மெய். ஆனால் அதே இழுப்புக்கு அழுத்துத் தகடு குறைவாகவே விலகும். தகடுகள் முழுதும் விடுபடாமல் கியர் மாற்றுகையில் கடகடவென ஒலிக்கும். விசையில் மிச்சப்படுத்தியதைத் தூரத்தில் கொடுத்தேயாக வேண்டும். மெலிந்த சுருள்விற்களைப் பொருத்தினாலோ, கிளச்சு வழுக்கித் தகடுகள் கருகும்.

வடிவமைப்பாளர்கள் கண்ட வழி வேறு. 2012இல் அறிமுகமான கவாசாகி நிஞ்சா 300 போன்ற வண்டிகளில், கிளச்சின் உட்பகுதியில் சாய்ந்த மேடுகள் அமைக்கப்பட்டன. எஞ்சின் சக்கரத்தை இயக்கும்போது அதன் திருப்புவிசையே இம்மேடுகளின் வழியாகத் தகடுகளை இறுக்குகிறது. ஆகவே மெல்லிய சுருள்விற்கள் போதும். வேகத்தைத் திடீரெனக் குறைக்கும்போது எதிர்ப்புற மேடுகள் தகடுகளைச் சற்று நெகிழ்த்தி, பின்சக்கரம் துள்ளாமல் காக்கின்றன. சுசுகி ஹயபுசாவிலோ கம்பிவடமே இல்லை. திரவ அழுத்தம் அவ்வேலையைச் செய்கிறது. குழாய் எத்தனை முறை வளைந்தாலும் ஆய்லரின் பெருக்கல் அங்கே தலைகாட்டுவதில்லை. ஆயினும் அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நிறம் கறுத்தும் மாற்றாமல் விட்டால் உள்ளேயுள்ள பிஸ்டன் அரித்து, அங்கும் பிடி இறுகக்கூடும்.