முதுகுவலிக்கு எந்த டாக்டர்?

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவருக்கும், சின்னாளபட்டியில் தறியே கதியென்று குனிந்திருப்பவருக்கும், நூற்பாலையில் ஷிப்ட் முழுக்க நின்றே வேலை பார்க்கும் பெண்ணுக்கும் பொதுவான தொல்லை முதுகுவலி. முன்பு சுளுக்கு எடுப்பவரைத் தேடிப் போனவர்கள் இப்போது செல்போனில், கையால் செய்யும் கைரோபிராக்டிக் சிகிச்சையின் வீடியோ பார்க்கிறார்கள். கழுத்தைப் பிடித்து ஒரு திருப்பு, 'மடக்'கென்று ஒரு சத்தம், படுத்திருந்தவர் சிரித்துக்கொண்டே எழுகிறார். விலகிய எலும்பு உட்கார்ந்துவிட்டது என்று பார்ப்பவர் நம்புகிறார். உண்மையில் அது மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டென்று குறைந்து வாயுக்குமிழி உண்டாகும்போது வரும் சத்தம். விரலில் நெட்டி முறித்தாலும் அதுதான் கேட்கிறது. செய்பவரின் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருக்கிறது. அப்படியானால் அவர் படிப்பும் எம்.பி.பி.எஸ். படிப்பும் ஒரே தரம்தானா?

1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் இந்த முறையைத் தொடங்கியபோது, பெரும்பாலான நோய்களுக்கு முதுகெலும்பு இடம் மாறுவதே காரணம் என்றார். அதற்கு ஆதாரம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் இன்றைய படிப்பை அவரை வைத்து எடைபோடுவது நியாயமாகாது. உலக சுகாதார நிறுவனம் 2005-ல் வகுத்த நெறிமுறை, முழுநேரக் கைரோபிராக்டிக் படிப்புக்குக் குறைந்தது 4,200 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது; அதில் 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். உடற்கூறு, உடலியங்கியல், எக்ஸ்ரே பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. எம்.பி.பி.எஸ். நான்கரை வருடம், பிறகு ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். இரண்டுமே பல வருடப் படிப்புதான். வேறுபாடு, அந்த வருடங்களில் மாணவர் யாரைப் பார்க்கிறார் என்பதில் இருக்கிறது. 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் படிப்பவர் பாம்புக்கடி, பிரசவம், மாரடைப்பு, பூச்சிமருந்து குடித்தவர் என்று எல்லாவற்றையும் வார்டில் கண்ணால் பார்க்கிறார். கைரோபிராக்டிக் மாணவருக்குப் பெரும்பாலும் தாமே நடந்து வரும் முதுகுவலிக்காரர்களே நோயாளிகள். சாதாரண முதுகுவலியை ஆயிரம் முறை பார்த்தவருக்கு, சாதாரணமல்லாத ஒன்று வரும்போது சந்தேகம் தட்டுவது கடினம்.

நம் ஊரில் இந்தச் சந்தேகம் மிக முக்கியம், ஏனென்றால் இங்கே காசநோய் இன்னும் ஒழியவில்லை. அது நுரையீரலை மட்டுமல்ல, முதுகெலும்பையும் அரிக்கும். ஆரம்பத்தில் வெறும் முதுகுவலியாகத்தான் தெரியும். இரவிலும் விடாது, உடம்பு இளைக்கும், சாயங்காலத்தில் லேசான காய்ச்சல் வரலாம், சிலருக்குக் காய்ச்சலே இருக்காது. காலம் தாழ்ந்தால் எலும்பு நொறுங்கி, தண்டுவடம் நசுங்கி, கால்கள் விழுந்துவிடும். அரிபட்ட எலும்பை வேகமாகத் திருகுவது அந்த நாளை முன்னுக்கு இழுத்து வருவதுதான். நேரத்தில் கண்டுபிடித்தால் மாத்திரையே போதும்: சென்னை சேத்துப்பட்டில் இருந்த காசநோய் ஆராய்ச்சி மையம் 1970-களில் தொடங்கிய ஆய்வு, பெரும்பாலானவர்கள் ஆபரேஷன் இல்லாமல் ஆறு அல்லது ஒன்பது மாத மருந்தில் குணமடைவதைக் காட்டியது. முதலில் பார்ப்பவருக்குப் பொறி தட்டுகிறதா என்பதில்தான் ஒருவர் மறுபடி நடப்பதும் படுக்கையில் கிடப்பதும் இருக்கிறது.

எம்.பி.பி.எஸ். டாக்டருக்கு மட்டும் முதுகு தெரியுமா என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1998-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், புதிதாகப் பட்டம் பெற்ற மருத்துவர்களில் 82 சதவீதம் பேர் எலும்பு, மூட்டு, தசை பற்றிய அடிப்படைத் தேர்வில் தோற்றார்கள். இரண்டு நிமிடம் பார்த்து வலி மாத்திரை எழுதித் தருபவரைவிட, அரை மணி நேரம் கை வைத்துப் பார்ப்பவரிடம் மனம் சாய்வதில் தப்பே இல்லை. திடீரென்று வரும் இடுப்புவலிக்குக் கையால் செய்யும் இந்தச் சிகிச்சையும் ஒரு வழி என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பே 2017-ல் ஏற்றது. ஆனால் மற்ற சிகிச்சைகளைவிட அது பெரிதாக மேலானதென்று ஆய்வுகள் சொல்லவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்கம் கைரோபிராக்டர்களை ஒதுக்கிவைத்தது சட்டவிரோதம் என்று 1987-ல் வந்த தீர்ப்பையும் காட்டுவார்கள். அந்த வழக்கு வணிகப் போட்டியை முடக்கியது பற்றியது; இரண்டு படிப்பும் சமம் என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. கைரோபிராக்டர் ஒரு வேலையில் கைதேர்ந்தவர் என்பதை முழுமனதாக ஒப்புக்கொள்ளலாம். அதற்காக, எந்த நோயோடு வந்தாலும் முதலில் பார்த்துப் பிரித்தறியும் பொறுப்பை அவரிடம் விட முடியாது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அலோபதி மருத்துவர் தவறு செய்தால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்; சித்த மருத்துவருக்கும் கவுன்சில் உண்டு; பிசியோதெரபிஸ்டுகளுக்கு 2021-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. கைரோபிராக்டிக்குக்கென்று தனிக் கவுன்சில் இங்கே இல்லை. வெளிநாட்டில் முறையாகப் படித்து வந்தவரும், வீடியோ பார்த்துப் பழகியவரும் ஒரே மாதிரி போர்டு மாட்டினால் நோயாளி எப்படிக் கண்டுபிடிப்பார்? முறையாகப் படித்தவர்களே ஒரு பதிவேடு கேட்டுக் குரல் கொடுக்க வேண்டும். அரசும் அதை அமைக்க வேண்டும். அதுவரை, வாரக்கணக்கில் விடாத வலி, உடல் இளைப்பு, காய்ச்சல், கால் மரத்துப்போதல், சிறுநீர் அடங்காமல் போவது இவற்றில் ஒன்று இருந்தாலும், யாரும் முதுகில் கை வைப்பதற்கு முன் அரசு ஆஸ்பத்திரி எலும்பு சிகிச்சைப் பிரிவில் ஓ.பி. சீட்டு போட்டுக் காட்டிவிட வேண்டும். வலியோடு சிறுநீரும் அடங்காவிட்டால் ஓ.பி. நேரத்துக்குக் காத்திருக்காமல் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.