எண்ணெயைப் பிளக்கும் வெப்பம்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தோட்டங்களுக்கு மின்சாரம் வந்து பல்லாண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் லயன் வீடுகளிலிருந்து மண்ணெண்ணெய்ப் போத்தல் மறைந்துவிடவில்லை. மழைக்காலத்து ஈர விறகைப் பற்றவைக்கவும், மின்சாரம் நின்ற இரவில் விளக்கேற்றவும் அது வேண்டியிருக்கின்றது. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது அந்தப் போத்தலின் அருமையை மலையகம் நன்கு உணர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்ந்தது. அதற்குச் சில மாதங்கள் முன்னர், 2021 நவம்பரில், மசகெண்ணெய் வாங்குவதற்கு அந்நியச் செலாவணி போதாமையால் சப்புகஸ்கந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையம் மூடப்பட்டிருந்தது.

இத்தகைய காலத்தில், அரிதாக வந்து சேரும் மசகெண்ணெயின் ஒவ்வொரு பீப்பாயிலிருந்தும் எவ்வளவு மண்ணெண்ணெயும் டீசலும் பெற்றோலும் எடுக்க முடியும் என்ற கேள்வி எழுவது இயல்பே. அந்தக் கேள்விக்கு விடை பெரும்பாலும் வெப்பத்தை ஆளும் திறமையிலேயே அடங்கியுள்ளது.

1969 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்த நிலையத்தின் முதல் வேலை, பகுதிபடக் காய்ச்சி வடித்தல் ஆகும். மசகெண்ணெயைச் சூடாக்கி உயர்ந்ததொரு கோபுரத்தினுள் செலுத்தினால், இலேசான ஆவிகள் மேலேறிச் செல்லும். கனத்தவை கீழே தங்கும். வாயு, பெற்றோலுக்குரிய நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் என்பன அவ்வவற்றின் கொதிநிலைக்கேற்ப வெவ்வேறு தட்டுகளில் பிரிந்துவிடும். அடியில் எஞ்சுவதோ, ஆறினால் பாகுபோல இறுகும் கரிய எண்ணெய். காய்ச்சி வடித்தல் உள்ளதைப் பிரிக்குமேயன்றி, இல்லாததை உண்டாக்காது. அடியில் நின்ற கரிய எண்ணெயிலிருந்து மேலும் சிறிது டீசலோ பெற்றோலோ வேண்டுமென்றால் அதன் நீண்ட மூலக்கூறுகளை உடைத்தாக வேண்டும். இவ்வாறு உடைப்பதையே பொறியியலார் 'கிராக்கிங்' என்பர். தமிழில் பிளத்தல் எனலாம்.

பிளப்பதற்கு வேண்டியது வெப்பமே. 350 பாகை செல்சியஸ் கடந்து சற்று மேலே சென்றால் எண்ணெயின் காபன் சங்கிலிகள் தாமாகவே அறுபடத் தொடங்கும். காய்ச்சி வடிக்கும் கோபுரத்தில் இது வேண்டாத தொல்லை. ஆகவே அங்கே உலையின் வெப்பத்தை அந்த எல்லையருகே நிறுத்திவிடுவர். பிளக்கும் பகுதியிலோ அதே எல்லையைத் தாண்டுவதுதான் நோக்கம். தாண்டுவது எளிது, நினைத்த இடத்தில் நிற்பதுதான் கடினம்.

தேயிலைத் தொழிற்சாலையின் வழக்கத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்குவதில் சிரமமில்லை. ரோதையில் உருண்டு, புளித்துச் செந்நிறமான கொழுந்தை உலர்த்தும் இயந்திரத்தில் இடும்போது, உட்செல்லும் காற்று ஏறத்தாழ 95 பாகையிலும் வெளிவரும் காற்று 55 பாகையை ஒட்டியும் இருக்க வேண்டும். சூடு குறைந்தால் புளிப்பு நிற்காமல் தொடரும். கூடினால் இலையின் வெளிப்புறம் இறுகி உள்ளீரம் சிறைப்பட்டுவிடும், அல்லது கருகிய மணம் ஏறும். வெப்பம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்ற இரண்டையும் சேர்த்து நிதானிப்பவரே நல்ல டீமேக்கர். எண்ணெய் பிளப்பவருக்கும் இவ்விரண்டே கணக்கு. ஒரு வேறுபாடு உண்டு: அங்கே சூடேற்றிப் புளிப்பை நிறுத்துகிறார்கள்; இங்கே குளிரூட்டிப் பிளப்பை நிறுத்துகிறார்கள்.

எண்ணெயை வெப்பத்தாற் பிளக்கும் முறைக்கு ரஷ்யப் பொறியியலாளர் சூகோவ் 1891 இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் அதனைப் பெருந்தொழிலாக நடத்திக் காட்டியவர் அமெரிக்க இரசாயனர் வில்லியம் பேர்ட்டன். மோட்டார் வண்டிகள் பெருகிப் பெற்றோல் போதாமற் போன காலம் அது. எண்ணெயைக் கொப்பரையில் இட்டு, உயர்ந்த அமுக்கத்தில், 400 பாகையை ஒட்டிக் காய்ச்ச அவர் விரும்பினார். கம்பனியின் தலைமை இதற்கு முதலில் இணங்கவில்லை. கீழே தீ, உள்ளே அமுக்கத்தில் கொதிக்கும் எண்ணெய், சுற்றிலும் தறையாணி அடித்த இரும்புத் தகடு என்றால் யார்தாம் துணிவர்! 1911 இல் ஸ்டாண்டர்ட் ஒயில் கம்பனி நீதிமன்றத் தீர்ப்பால் பல கம்பனிகளாகப் பிரிந்த பின்னரே இந்தியானாக் கம்பனி துணிந்தது. 1913 இல் பேர்ட்டன் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டு வைற்றிங் நகரில் கொப்பரைகள் வேலை செய்யத் தொடங்கின. கசியும் மூட்டுகளை, தீ எரிந்துகொண்டிருக்கும்போதே தொழிலாளர் அடித்து அடைத்தார்கள் என்று அக்கால வரலாறு கூறும். அவர்களுடைய துணிவு இன்றி அந்தக் காப்புரிமைக்குப் பெறுமதி இருந்திருக்காது.

கசிவைவிடப் பெரிய தொல்லை கொப்பரையின் அடியில் படிந்த கரியாகும். நீண்ட மூலக்கூறு அறுபடும்போது, ஒரு துண்டு வேண்டிய ஐதரசனைப் பெற்று இலேசான எண்ணெயாகிறது. ஐதரசன் குறைந்த மற்றத் துண்டுகளோ ஒன்றோடொன்று பிணைந்து கனத்துக்கொண்டே போய் இறுதியில் கற்கரியாகின்றன. இந்தக் கரி வெப்பத்தை எளிதில் கடத்தாது. அது படிந்த இடத்தில் இரும்பின் வெப்பம் எண்ணெய்க்குள் இறங்க வழியின்றி இரும்பே சிவந்து மெலியும். எனவே ஒவ்வொரு கொப்பரையையும் ஓரிரு நாளுக்கொருமுறை அணைத்து, ஆறவிட்டு, கரியைச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது.

இன்றைய நிலையங்களில் கொப்பரை இல்லை; உலையினுள் வளைந்து வளைந்து செல்லும் குழாய்களே உள்ளன. சப்புகஸ்கந்தவில் இவ்வினத்தைச் சேர்ந்த பகுதி ஒன்று உண்டு. அதன் வேலை மென்மையானது: கனத்த எண்ணெயைச் சிறிதளவே பிளந்து, அதன் பாகுநிலையைக் குறைத்து, உலை எண்ணெயாக ஓடச் செய்வது. கூடவே சிறிது இலேசான எண்ணெயும் கிடைக்கும். இத்தொழிலில் நேரமும் வெப்பமும் ஒன்றுக்கொன்று ஈடாகின்றன. 485 பாகையில் ஒரு நிமிடத்தில் நிகழும் பிளப்பு, 470 பாகையில் இரண்டு நிமிடத்திலும், 455 இல் நான்கு நிமிடத்திலும், 440 இல் எட்டு நிமிடத்திலும் நிகழும் என்பது நூல்களிற் காணும் கணக்கு. அதாவது, 15 பாகை தவறினால் வேகம் இருமடங்காகிவிடும். இத்துணைச் சிறு தவறு தேயிலை உலையில் ஒரு நாளின் தேயிலைத் தரத்தைக் கெடுக்கும். இங்கே குழாயையே அடைத்துவிடும்.

அடைபடும் விதம் கவனிக்கத்தக்கது. குழாயின் நடுவே ஓடும் எண்ணெயைவிடச் சுவரை ஒட்டி ஓடும் மெல்லிய படலம் அதிகச் சூடாக இருக்கும். கரி முதலில் அங்கேதான் தோன்றும். கரி படிந்தால் வெளிவரும் எண்ணெயின் சூடு சற்றுக் குறையும். குறைந்ததைக் கண்ட தானியங்கிக் கருவி உலைக்கு மேலும் எரிபொருள் கொடுக்கும். சுவர் மேலும் சூடாகும். மேலும் கரி படியும். கருவி தன் கடமையைச் சரியாகச் செய்வதே குழாய்க்குக் கேடாய் முடியும். ஆகவே வெளிவரும் எண்ணெயின் சூட்டை மட்டும் பார்த்திருப்பது போதாது. குழாய்ச் சுவரின் சூட்டையும், குழாயின் இரு முனைகளுக்கிடையே அமுக்கம் எவ்வளவு குறைகிறது என்பதையும் சேர்த்தே பார்ப்பார்கள். படலம் தங்காமல் விரைந்து ஓடும்படி குழாய்க்குள் நீராவியைச் செலுத்துவதும் உண்டு. உலையை விட்டு எண்ணெய் வெளிவந்ததும், ஆறிய எண்ணெயை அதன்மேற் பாய்ச்சிப் பிளப்பை நிறுத்திவிடுவர். நிறுத்தாமல் விட்டால் கனத்த கூறுகள் எண்ணெயிற் கரைந்திராமல் வண்டலாகப் பிரிந்து, வாங்கிச் சென்றவரின் வடிகட்டிகளை அடைக்கும்.

வெப்பத்தை மட்டும் நம்பிய இம்முறைக்கு அடுத்த படி ஊக்கியைப் பயன்படுத்தியதாகும். பிரெஞ்சுக்காரரான ஊஜின் ஹூட்றி 1930 களில் அமெரிக்காவில் இதனைத் தொழிலாக்கினார். 1942 ஆம் ஆண்டு மே மாதத்தில் லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரில், ஊக்கியை நுண்பொடியாக்கி ஓடவிடும் முறை தொடங்கியது. சப்புகஸ்கந்தவில் இது இல்லை. அதனோடு ஒத்த வயதுடையதாய் 1969 இல் தொடங்கிய சென்னை மணலிச் சுத்திகரிப்பு நிலையத்தில் பின்னர் சேர்க்கப்பட்டது.

மனிதன் அமைத்த அடுப்புகளுள் இது மிக நயமானது என்று துணிந்து கூறலாம். மாவு போன்ற பொடிக்குள் காற்றையோ ஆவியையோ ஊதினால், அது நீர் போல ஓடும். 700 பாகையை ஒட்டிய சூட்டுடன் ஓடிவரும் அப்பொடி, தெளித்து விடப்படும் எண்ணெயைச் சந்திக்கிறது. எண்ணெய் உடனே ஆவியாகி, பொடியையும் தூக்கிக்கொண்டு உயர்ந்த குழாயில் ஏறும் சில வினாடிகளுக்குள் பிளந்துவிடுகிறது. பிளப்பு வெப்பத்தை உண்ணும் அகவெப்பத் தாக்கம் ஆதலால், மேலே சேரும்போது சூடு 530 பாகையளவுக்கு இறங்கியிருக்கும். நூறு பங்கு எண்ணெய்க்கு ஐந்து பங்களவு கரி பொடியின்மேற் படிந்து அதனைக் கறுப்பாக்கும். கறுத்த பொடி மற்றொரு கலத்துக்குச் சென்று, காற்றிலே கரி எரிய, மீண்டும் 700 பாகைக்குச் சூடேறித் திரும்பும். பேர்ட்டன் சுரண்டி எறிந்த கரியே இங்கு விறகாகிவிட்டது.

இவ்வமைப்பில் ஒரு வியப்பு உண்டு. எண்ணெயை முன்னதாகவே கூடுதலாகச் சூடாக்கி அனுப்பினால் பிளப்பும் கூடும் என்றுதானே எண்ணத் தோன்றும்? உண்மையில் குறையும். எண்ணெய் ஏற்கெனவே சூடாக இருப்பதால், குறித்த சூட்டை எட்டுவதற்குப் பொடி குறைவாகவே போதும். பொடிக் குழாயின் அடைப்பிதழ் தானே சற்று மூடிக்கொள்ளும். ஊக்கி குறைந்ததும் பிளப்பும் குறைந்துவிடும். எண்ணெயைச் சற்றுக் குளிர அனுப்பினாலோ பொடி பெருகி வரும்.

கரி அளவுக்கு மிஞ்சினால் இந்த அடுப்பும் கெடும். எரிக்கும் கலத்தின் சூடு 750 பாகையை நெருங்கிக் கடக்கும்போது, நீராவியின் முன்னிலையில் ஊக்கியின் நுண்துளைகள் குலைந்து அது செயலிழக்கும். மிகக் கனத்த எண்ணெயைப் பிளப்போர், பொடியின் சூட்டில் ஒரு பகுதியை நீராவி ஆக்குவதற்கெனத் தனியே குளிரூட்டும் கலங்களை அமைப்பது இதனாலேயே. முழுதும் எரியாத காபனோரொட்சைட்டு வாயு கலத்தின் மேற்பகுதியில் தீப்பற்றுவதும் உண்டு. அங்கே சூட்டை வாங்கிக்கொள்ளப் போதிய பொடி இல்லை. இரும்பு நேரே வாங்கும். மிகச் சிறிதளவு பிளாற்றினத்தைச் சேர்த்து, அவ்வாயுவைப் பொடிப் படுக்கையினுள்ளேயே எரித்துவிடும் வழி 1970 களில் வழக்கத்துக்கு வந்தது.

இதுவரை கூறியவை வெப்பத்தை உண்ணும் முறைகள். ஐதரசனை உயர்ந்த அமுக்கத்திற் சேர்த்துப் பிளக்கும் முறை வேறு. கரியாக வேண்டிய துண்டுகளுக்கும் ஐதரசன் கிடைப்பதால் நல்ல டீசலும் மண்ணெண்ணெயும் அதிகம் கிடைக்கும். ஆனால் ஐதரசன் சேரும் தாக்கம் வெப்பத்தை வெளிவிடும். சூடு ஏறினால் தாக்கம் விரையும்; தாக்கம் விரைந்தால் மேலும் சூடு ஏறும். எனவே ஊக்கியைப் பல படுக்கைகளாகப் பிரித்து, இடையிடையே குளிர்ந்த ஐதரசனைப் பாய்ச்சி அடக்குகிறார்கள்.

அடக்கத் தவறினால் நேர்வதை 1997 ஜனவரி 21 அன்று கலிபோர்னியாவில் மார்ட்டினெஸ் நகரை அடுத்த எவன் சுத்திகரிப்பு நிலையம் கண்டது. ஒரு கலத்தின் படுக்கையில் சூடு கட்டுமீறி ஏறியது. சூடு 427 பாகையைத் தொட்டால் உடனே அமுக்கத்தை வெளியேற்றிக் கலத்தை அணைத்துவிட வேண்டும் என்பது அங்கிருந்த விதி. ஆனால் அளவுகருவிகள் காட்டிய எண்கள் ஏறியும் இறங்கியும் தடுமாறின. காட்டுவது மெய்யா, கருவியின் பிழையா என்ற ஐயத்தில் நேரம் கழிந்தது. சில அளவுகளை, கட்டுப்பாட்டு அறையிலன்றி, கலத்தின் அடியில் வெளியே இருந்த பலகையிலேயே பார்க்க முடிந்தது. அதனைப் பார்க்கச் சென்ற தொழிலாளி அங்கு நின்றபோதே, 760 பாகையையும் மீறிச் சூடேறிய வெளிச்செல் குழாய் வெடித்தது. அவர் உயிரிழந்தார்; 46 பேர் காயமுற்றனர். விதி எழுதப்பட்டிருந்தது, கருவிகளும் இருந்தன. ஐயம் வந்தவுடன் அணைத்துவிடு, ஆலைக்கு நேரும் நட்டத்தைப் பிறகு பார்ப்போம் என்று தொழிலாளிக்கு நிர்வாகம் உறுதியளித்திருப்பதும் வெப்பத்தை ஆளும் கருவிகளுள் ஒன்றாகும்.

சப்புகஸ்கந்தவை விரிவாக்கும் பேச்சு நெடுங்காலமாக இருந்து வருகிறது. அப்பேச்சில் நாளொன்றுக்கு எத்தனை பீப்பாய் என்ற கணக்கே பெரிதாக ஒலிக்கிறது. அதைவிட, அடியில் எஞ்சும் கரிய எண்ணெயை எம்முறையாற் பிளப்பது என்பதே முன்னர் தீர்க்க வேண்டிய கேள்வி. பொடி ஓடும் முறை பெற்றோலை மிகுதியாகத் தரும். ஐதரசன் முறை டீசலையும் மண்ணெண்ணெயையும் மிகுதியாகத் தரும், ஆனால் அதற்குத் தடித்த கலங்களும், ஐதரசன் ஆலையும், பெருமுதலும், இரவு பகலாக வெப்பத்தைக் காவல் காக்கும் பயின்ற கண்களும் வேண்டும். இப்போதைக்கு எஞ்சும் எண்ணெயின் பெரும்பகுதி உலை எண்ணெயாகவே விலைபோகிறது. சுத்திகரிப்பு நிலையத்தின் அருகிலேயே, இத்தகைய கனத்த எண்ணெயை எரித்து மின்சாரம் எடுப்பதற்கென்று ஒரு மின்நிலையமும் நிற்கிறது.