இணையத்தளம் அமைப்போரைத் தேர்ந்தெடுக்கும் முறை

நாஞ்சில் நாட்டின் வளத்தைப் பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. கன்னிப்பூ, கும்பப்பூ என்னும் இரு போகங்களிலும் நெல் விளைகிறது. மலையோரத்தில் கிராம்பும் ரப்பரும், கடலோரத்தில் தென்னையும், தோவாளையில் மலர்களும், மார்த்தாண்டம் பக்கத்தில் தேனும் கிடைக்கின்றன. ஆயினும் இவற்றை வாங்கிப் பயன்படுத்தும் வெளியூர் மக்களுள் பெரும்பாலோர், இவை எவ்வூரில் எவர் உழைப்பால் விளைந்தவை என்பதை அறியார். விளைவித்தவரின் பெயர் வணிகரின் பெயருக்குள் மறைந்துவிடுகிறது; விலையில் ஒரு பங்கும் அதனுடன் மறைகிறது.

இக்குறையைப் போக்கும் முயற்சி நமது மாவட்டத்திற்குப் புதியதன்று. 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பவரின் தலைமையில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் தொடங்கிய கிராமப் புனருத்தாரண நிலையம், தேன், முட்டை முதலியவற்றைக் கூட்டுறவு முறையில் விற்கும் வழியைக் கிராம மக்களுக்குக் கற்பித்தது. அண்மையில் 2021இல் கன்னியாகுமரிக் கிராம்பும், 2023இல் மட்டி வாழைப்பழமும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன. பெயருக்கு மதிப்புக் கிடைத்துவிட்டது. அப்பெயரை வாங்குவோரின் கண்முன் நிறுத்துவதற்குத் தமக்கென ஓர் இணையத்தளம் வேண்டுமென்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் சுய உதவிக் குழுக்களும் விரும்புவது இயல்பே.

இவ்விருப்பம் எழுந்தவுடன், "இதனை யாரிடம் ஒப்படைப்பது?" என்ற வினாவும் எழுகின்றது. கிணறு வெட்டுபவரையும் வீடு கட்டும் கொத்தனாரையும் தேர்ந்தெடுக்க நமக்குத் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத வேலையைச் செய்பவரை எவ்வாறு மதிப்பிடுவது என்பதில்தான் தயக்கம் ஏற்படுகிறது. செலவாகும் பணமோ அங்கத்தினர்கள் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத்தொகை. ஆகையால் இதனைப் பற்றிச் சற்று விரிவாக ஆராய்வோம்.

புதிய தளம் தேவைதானா?

முதலாவதாகப் பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு சொல். ஊராட்சியின் திட்டங்களையும் கணக்குகளையும் பதிவதற்கு 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ் தளம் உள்ளது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் முதலியவற்றை இணையவழியே செலுத்துவதற்கும் மாநில அரசு ஒரு தளத்தை நடத்தி வருகிறது. எனவே ஊராட்சியின் பெயரில் தனியாரைக் கொண்டு வேறொரு தளம் அமைப்பது பெரும்பாலும் வீண்செலவு. எது உண்மையான அரசுத் தளம் என்ற குழப்பமும் மக்களுக்கு உண்டாகும். தனித்தளம் அவசியமெனக் கருதினால், ஒன்றிய அலுவலகத்தின் வழியாக மாவட்ட நிர்வாகத்தை அணுகி, அரசு நிறுவனங்களுக்கே வழங்கப்படும் தளப்பெயரைப் பெறுவதே முறை. ஊராட்சி நிதியைச் செலவிடும்போது 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

உழவர் நிறுவனங்களின் நிலை வேறு. அவற்றுக்கு மூன்று வழிகள் உள்ளன. முதல் வழி, 2016இல் தொடங்கப்பெற்ற இ-நாம் போன்ற பொதுச் சந்தைகளில் சேர்ந்து விற்பது. இதற்குச் சொந்தத் தளம் வேண்டியதில்லை. இரண்டாம் வழி, வேர்ட்பிரஸ் போன்ற இலவச மென்பொருளைக் கொண்டு, ஆயத்தமாகக் கிடைக்கும் அமைப்பில் ஒரு சிறு கடையைத் திறப்பது. மூன்றாம் வழி, நமது தேவைக்கென்றே நிரல் எழுதித் தனித்தளம் அமைப்பது.

தேனும் கிராம்பும் பல மாதம் கெடாதவை. அவற்றை விற்க இரண்டாம் வழியே போதும். தோவாளை மலரின் விலையோ நாள்தோறும் மாறுகிறது. மட்டிப் பழம் பழுத்த சில நாட்களுக்குள் வாங்குவோரை அடைதல் வேண்டும். இன்ன ஊருக்கு மட்டும், இன்ன நேரம் வரை மட்டும் ஆணை பெறுதல், எந்தத் தார் எந்த அங்கத்தினரின் தோட்டத்தில் வெட்டப்பட்டது எனக் குறித்தல், அதற்கேற்பப் பணத்தைப் பிரித்தல் ஆகியவற்றைத் தளமே செய்ய வேண்டுமாயின் மூன்றாம் வழியை நாடலாம். தேவை இரண்டாம் வழியில் நிறைவேறுமென்றால் மூன்றாவதற்குச் செலவிடலாகாது.

தேவையை எழுதி வைத்தல்

வல்லுநரைத் தேடுமுன் நிர்வாகக் குழு கூடி, தனக்கு வேண்டியதைத் தமிழில் இரண்டு பக்கங்களுக்கு மிகாமல் எழுதி வைத்தல் நலம். என்னென்ன பொருள்கள் விற்கப்படும்? வாங்குவோர் பணம் செலுத்தும் வழிகள் யாவை? நாள்தோறும் விலையை மாற்றுபவர் யார்? அவர் செல்பேசியிலிருந்தே மாற்ற இயலுமா? தமிழ், ஆங்கிலம், மலையாளம் ஆகியவற்றுள் எம்மொழிகள் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால் வேலையின் அளவு தெளிவாகும். இவ்வாறு எழுதப்பெறாத இடத்தில், கேட்டது ஒன்று, செய்தது ஒன்று என்ற வழக்கு இறுதியில் எழும்.

வல்லுநரை எங்கே தேடுவது?

நல்ல கணிப்பொறி வல்லுநர் சென்னையிலும் பெங்களூரிலும் மட்டுமே இருப்பர் என்பது தவறான எண்ணம். நமக்கு அண்டையிலுள்ள தென்காசிக்கு அருகே மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் 2011 முதல் ஸோஹோ நிறுவனம் அலுவலகம் நடத்தி, அவ்வட்டாரத்து இளைஞரைக் கொண்டே உலகெங்கும் செல்லும் மென்பொருளை ஆக்கி வருகிறது. நமது மாவட்டத்திலும் கோணத்திலுள்ள அரசு பாலிடெக்னிக், அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி முதலியவற்றில் பயின்றோர் பலர். வீட்டிலிருந்தே பணிபுரிவோரும் சிறு நிறுவனம் நடத்துவோரும் அவர்களுள் இருக்கின்றனர்.

விளம்பரத்தை மட்டும் நம்பாமல், ஏற்கெனவே தளம் வைத்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்தையோ வணிகரையோ அணுகி, அவர்களுக்கு வேலை செய்தவர் யார் எனக் கேட்பதே சிறந்த வழி. கல்லூரி மாணவரிடம் வேலை தருவதும் நன்றே. ஆயினும் படிப்பு முடிந்ததும் அவர் வேற்றூர் செல்லக்கூடும். எனவே ஆசிரியர் ஒருவரோ நிறுவனம் ஒன்றோ பொறுப்பேற்றாலன்றி முழுத் தளத்தையும் அவரிடம் விடுதல் தகாது.

சோதித்துத் தேர்தல்

மூவரிடமேனும் மதிப்பீடு பெறுக. எழுதி வைத்த அதே இரண்டு பக்கங்களை மூவருக்கும் கொடுத்தால்தான் அவர்கள் கூறும் விலைகளை ஒப்பிட இயலும். மிகக் குறைந்த விலை கூறியவரே ஏற்றவர் என முடிவு செய்ய வேண்டாம். எதை விட்டுவிட்டு அவ்விலை கூறினார் என ஆராய்க.

ஒவ்வொருவரும் முன்னர் அமைத்த தளங்களுள் மூன்றைக் காட்டச் சொல்லுதல் வேண்டும். அவற்றை அவருடைய உயர்ந்த கணிப்பொறியில் பார்த்தலாகாது. குறைந்த விலைச் செல்பேசியில், அலைவரிசை குன்றிய மலையோரத்தில் நின்று திறந்து பார்த்தல் வேண்டும். பக்கம் விரைவாக வருகிறதா? தமிழ் எழுத்துகள் சிதையாமல் தெரிகின்றனவா? தமிழக அரசு 2010இல் யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றுள்ளது. அம்முறையில் எழுதப்படாத தமிழ், தேடுபொறிகளுக்குத் தமிழாகவே தோன்றாது. பின்னர் அத்தளங்களின் உரிமையாளரிடம் நேரில் ஒன்று கேட்க வேண்டும்: "பழுது நேர்ந்தபோது எத்தனை நாளில் வந்து பார்த்தார்?" இவ்வொரு விடையே பல சான்றிதழ்களுக்கு ஈடாகும்.

இறுதியில் இருவர் எஞ்சினால், ஒரு பொருளை மட்டும் காட்டி ஆணை பெறும் ஒரு பக்கத்தைக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லலாம். சொன்ன நாளில் முடித்தாரா, நமக்கு விளங்கும்படி எடுத்துரைத்தாரா, புரியாததை வினவினாரா என்பவை அப்போது தெரிந்துவிடும். வினா எதுவும் எழுப்பாமல் எல்லாவற்றுக்கும் "ஆகட்டும்" என்பவரிடம் எச்சரிக்கை தேவை.

சாவி யாரிடம் இருக்கிறது?

பெரும்பாலான வழக்குகள் தோன்றும் இடம் இதுவே. ஓர் இணையத்தளத்திற்கு மூன்று சாவிகள் உண்டு. தளத்தின் முகவரியாகிய தளப்பெயர் ஒன்று. தளம் தங்கியிருக்கும் சர்வர் கணக்கு மற்றொன்று. தளத்தை இயக்கும் நிரல் மூன்றாவது. தளப்பெயரை வேலை செய்பவர் தம் பெயரிலேயே பதிந்துகொண்டால், நாளை அவர் அதைப் புதுப்பிக்கத் தவறினும், மனம் மாறினும், அங்கத்தினர்கள் பல ஆண்டுகள் உழைத்துப் பரப்பிய முகவரி பிறர் கைக்குப் போய்விடும். ஆதலால் முதலிரண்டும் நிறுவனத்தின் பெயரிலும், நிறுவனத்தின் மின்னஞ்சலிலும், நிறுவனத்தின் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்திய பணத்திலும் பெறப்பட வேண்டும். தலைவர், செயலர் ஆகிய இருவருமே கடவுச்சொற்களை அறிந்திருத்தல் நலம்.

மூன்றாவது சாவியைப் பற்றிச் சட்டம் கூறுவதைப் பலர் அறியார். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, சம்பளம் பெறும் ஊழியரல்லாத ஒருவர் எழுதிய நிரலின் முதல் உரிமையாளர் அதை எழுதியவரே. நாம் பணம் கொடுத்துவிட்டோம் என்பதனால் மட்டும் உரிமை நமக்கு வந்துவிடாது. எழுத்து மூலமாகக் கையொப்பமிட்டு அவர் மாற்றித் தர வேண்டும். அவ்வாறு மாற்றும்போது காலம் குறிப்பிடப்படாவிடின் ஐந்தாண்டுக்கு மட்டுமே மாற்றியதாக அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு கருதுகிறது. இடம் குறிப்பிடப்படாவிடின் இந்தியாவுக்குள் மட்டும் எனக் கருதுகிறது. ஆகவே ஒப்பந்தத்தில், "உரிமை முழுக் காலத்திற்கும் உலகெங்கும் நிறுவனத்தைச் சேரும்" என்ற வாசகம் இடம்பெறல் இன்றியமையாதது.

பணத்தை ஒரே தவணையில் கொடுத்துவிடலாகாது. கையொப்பத்தின்போது ஒரு பகுதியும், மாதிரித் தளத்தைக் காட்டியபோது ஒரு பகுதியும், மூன்று சாவிகளையும் ஒப்படைத்தபோது ஒரு பகுதியும், மூன்று மாதம் பழுதின்றி நடந்தபின் எஞ்சியதும் கொடுத்தல் இரு சாராருக்கும் நியாயமானது. குறித்த நாளில் கூலி கொடுப்பது நமது கடமை என்பதையும் மறத்தலாகாது. வாங்குவோரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைக் காப்பது குறித்து 2023ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றப்பட்டுள்ளது; அவற்றை வேலை செய்பவர் பிறருக்குத் தரலாகாதென்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுதல் வேண்டும்.

கட்டியபின் காத்தல்

பேச்சிப்பாறை அணையின் பணி 1897இல் தொடங்கி 1906இல் நிறைவுற்றது. ஆனால் கால்வாய்களைத் தூர்வாருவதும் மடைகளைச் செப்பனிடுவதும் இன்றும் ஓயவில்லை. அவை நின்றால் அணையில் நீர் இருந்தும் கடைமடை வயல் காயும். இணையத்தளமும் இத்தகையதே. தளப்பெயரும் சர்வர் கணக்கும் குறித்த காலத்தில் புதுப்பிக்கப்பட வேண்டும். மென்பொருள் திருத்தங்கள் சேர்க்கப்படாவிடில் திருடர் உட்புகுவர். வாரந்தோறும் முழுத் தளத்திற்கும் ஒரு நகல் எடுத்து வேறிடத்தில் வைத்தல் வேண்டும். ஆகவே, அமைக்கும் செலவோடு ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் கணக்கிட்ட பின்னரே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அங்கத்தினர் குடும்பங்களிலுள்ள படித்த பெண்கள், இளைஞர் இருவருக்கு விலை மாற்றவும் படம் சேர்க்கவும் பயிற்சியளிக்க வேண்டுமென ஒப்பந்தத்திலேயே கேட்டுப் பெறலாம்.

தேவையை எழுதுதல், செய்த வேலையைக் கொண்டு ஆளை அறிதல், மூன்று சாவிகளையும் தம் கையில் வைத்தல், ஆண்டுதோறும் காத்தல் ஆகிய நான்கையும் கடைப்பிடிக்கும் குழுவுக்குக் கணிப்பொறி அறிவு குறைவாயினும் இழப்பு நேராது. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே அவ்விரண்டு பக்கங்களை எழுதத் தொடங்குக. எழுதியதை ஒன்றிய அலுவலகத்திற்குக் கொண்டு வரின், உடனிருந்து படித்துப் பார்த்து ஆலோசனை கூற நாம் என்றும் காத்திருக்கிறோம். நம் மண்ணில் விளைந்த பொருள், விளைவித்தவரின் பெயரோடு உலகச் சந்தைக்குச் செல்வதாக!