ஹேகிஸ், பர்கர், தாய்லந்துக் கறி: மாஸ்டர்ஸ் விருந்தின் மெனுவை யார் முடிவு செய்கிறார்?

கோல்ஃபில் பெரிய போட்டியில் வென்றால் கிண்ணம் கிடைக்கும், பணம் கிடைக்கும். மாஸ்டர்ஸ் போட்டியில் வென்றால் கூடவே ஒரு பொறுப்பும் வரும். அடுத்த ஆண்டு, முன்னாள் வெற்றியாளர்கள் எல்லாருக்கும் நீங்கள்தான் விருந்து வைக்கவேண்டும். மெனு உங்கள் விருப்பம். ஆனால் பில்லும் உங்களுடையதுதான்!

எப்படித் தொடங்கியது?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஆகஸ்டா நேஷனல் கோல்ஃப் மன்றத்தில் மாஸ்டர்ஸ் நடக்கிறது. 1951இல் வென்ற பென் ஹோகன், மறு ஆண்டு பழைய வெற்றியாளர்களை அழைத்து விருந்து கொடுத்தார். அதுவே வழக்கமாகிவிட்டது.

போட்டி வாரத்தின் செவ்வாய்க்கிழமை இரவு விருந்து. எல்லாரும் பச்சைக் கோட்டு அணிந்து வருவார்கள். வென்றவர்களைத் தவிர மன்றத் தலைவருக்கு மட்டுமே அங்கு இடம்.

சொந்த ஊர்ச் சாப்பாடு எப்போது வந்தது?

1986இல் ஜெர்மானியர் பெர்ன்ஹார்ட் லாங்கர், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த ஷ்னிட்சல் இறைச்சியையும் பிளாக் ஃபாரஸ்ட் கேக்கையும் பரிமாறினார்.

1989இல் ஸ்காட்லந்தின் சேண்டி லைல் இன்னும் துணிச்சலானவர். கில்ட் பாவாடை அணிந்து வந்து ஹேகிஸ் பரிமாறினார். ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸுடன் கலந்து சமைப்பதுதான் ஹேகிஸ். பிடிக்காதவர்கள் பட்டினி கிடக்கவேண்டாம். மன்றத்தின் வழக்கமான மெனுவிலிருந்து வேறு உணவைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

1997இல் என்ன நடந்தது?

இதுவரை கதை ஜாலியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டு மெனுவே சர்ச்சையானது.

21 வயது டைகர் வுட்ஸ் 12 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் மாஸ்டர்ஸை வென்றார். அது சாதாரண வெற்றி அல்ல. மாஸ்டர்ஸில் கறுப்பின வீரர் ஒருவர் முதன்முதலில் ஆடியதே 1975இல்தான். அவர் லீ எல்டர். ஆகஸ்டா மன்றம் முதல் கறுப்பின உறுப்பினரைச் சேர்த்துக்கொண்டது 1990இல்.

அந்தச் சமயத்தில், 1979இல் மாஸ்டர்ஸை வென்ற ஃபஸி ஸோலர் செய்தியாளர்களிடம் பேசினார். டைகரைச் சின்னப் பையன் என்று குறிப்பிட்டார். அடுத்த ஆண்டு விருந்தில் பொரித்த கோழியும் கொலார்ட் கீரையும் வைத்துவிடவேண்டாம் என்று டைகரிடம் சொல்லச் சொன்னார்.

கோழியில் என்ன தப்பு என்று கேட்கிறீர்களா? கோழியில் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் கறுப்பினத்தவரைக் கேலி செய்ய நெடுங்காலமாகப் பயன்படுத்தப்பட்ட உணவுகள் அவை. 'நீ இப்படிப்பட்டவன், இதைத்தான் சாப்பிடுவாய்' என்பதே அந்தக் கேலிக்குள் இருக்கும் செய்தி. ஸோலர் அது வேடிக்கைப் பேச்சு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். விளம்பர ஒப்பந்தம் ஒன்றை இழந்தார்.

டைகர் என்ன பரிமாறினார்?

1998 விருந்தில் சீஸ் பர்கர், சிக்கன் சேண்ட்விச், பொரித்த உருளைக்கிழங்கு, மில்க்‌ஷேக். தம் வயதில் இருப்பவர்கள் சாப்பிடுவது இதைத்தான் என்பது டைகரின் விளக்கம். அவர் யார், என்ன சாப்பிடுவார் என்பதை அவரே சொல்லிவிட்டார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டைகரின் தாயார் தாய்லந்தைச் சேர்ந்தவர். ஆனால் 2001இல் அந்த விருந்தில் தாய்லந்து உணவைப் பரிமாறியவர் விஜய் சிங்! ஃபிஜியில் பிறந்த இந்திய வம்சாவளியினர்; பெரிய பெயர் எடுப்பதற்குமுன் சபாவிலும் சரவாக்கிலும் கோல்ஃப் பயிற்றுநராக வேலை பார்த்தவர். தேங்காய்ப்பால் சூப், பனாங் கோழிக் கறி, லிச்சி சோர்பே எல்லாம் அவர் மெனுவில் இருந்தன. இந்தியர் என்றால் இந்திய உணவுதான் வைக்கவேண்டும் என்று விதி ஏதும் இல்லையே!

இப்போது?

2021இல் வென்ற ஹிடேகி மட்சுயாமா, மறு ஆண்டு சுஷி, மிசோ தடவிய மீன், மியாசாக்கி வாக்யு மாட்டிறைச்சி ஆகியவற்றைப் பரிமாறினார். வழக்கமாக மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசும் அவர், அன்று ஆங்கிலத்திலேயே உரையாற்றினார். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். 2024இல் ஸ்பெயினின் யோன் ராம், தம் பாட்டியின் செய்முறைப்படி செய்த பருப்புக் குழம்பையும் மெனுவில் சேர்த்தார்.

ஒருவர் ஊர் உணவைப் பரிமாறுகிறார், ஒருவர் பிடித்ததைப் பரிமாறுகிறார், ஒருவர் பாட்டியை நினைத்துக்கொள்கிறார். மூன்றும் சரிதான். 'நீங்க என்ன ஆளு, வீட்டுல என்ன சாப்பிடுவீங்க?' என்ற கேள்வியை நம்மில் பலரும் கேட்டிருப்போம். அதற்குப் பதில் சொல்லும் உரிமை, கேட்பவருக்கு அல்ல, சாப்பிடுபவருக்கே உண்டு.